ஒன்பதாவது பாட்டு

டாஸ்மேனியாவில் எங்கள் பாத்வெல் பக்கம் காற்று ஓயாது, உங்களுக்கே தெரியும், சார்ஜென்ட். ஒலிப்பதிவுக்கு அதுதான் முதல் எதிரி.

ரோவீனாவும் நானும் பதினாலு வருஷம் ஒரே குழுவில் இருந்தோம். அவள் பாடுவாள், மெட்டுப் போடுவது நான். போன குளிர்காலத்தில் தன் முதல் தனி ஆல்பத்தைத் தொடங்கினாள். ஒன்பது பாட்டு, ஒன்பதும் என் மெட்டு. பதிவும் நானே செய்ய வேண்டுமாம். அட்டையைக் காட்டினாள். பின்பக்கம் எறும்பு எழுத்தில், ‘வயர் இழுத்த நெவ்வுக்கு நன்றி.’

“மெட்டுக்கு என் பேரு எங்க, ரோ?”

“உன் பேரும் வந்தா அப்புறம் அது என்னடா தனி ஆல்பம்? மூஞ்சியத் தூக்காத. அடுப்பு அணைஞ்சதும் போய்ப் புகைபோக்கிய அடை. காத்துல ஊளையிடுது.”

எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அவள் மாமாவின் ஆட்டுரோமக் கொட்டகையில்தான் பதிவு. சத்தம் வராமலிருக்க இடுக்கெல்லாம் கம்பளி திணித்திருந்தோம். புகைபோக்கியை அடைத்தேன். சாம்பலுக்கடியில் தணல் கிடந்தது, பார்த்தேன். ஆடுகள் கத்தின. வெளியே வந்து, கதவை மூடி, கனமான கம்பளிப் பொதி ஒன்றை அதன்மேல் சாய்த்தேன். பிறகு பதிவுக் கருவிகள் இருந்த வேனில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன்.

எட்டாவது பாட்டு முடிந்ததும், “தல வலிக்குது நெவ்” என்றாள்.

“ஒண்ணுதானே பாக்கி, பாடிரு” என்றேன். நியாயமான பதில்தான்.

ஒன்பதாவதில் அவள் நாக்கு குழறியது, வரிகள் இழுபட்டன. மரண விசாரணையில், நான் கவனிக்கவில்லை என்றேன். நம்பினார்கள், தணலின் விஷவாயு, விபத்து என்று எழுதி முடித்தார்கள். தந்தி ஒரு மயிரிழை இறங்கினாலும் கண்டுபிடிக்கிற காது இது, சார்ஜென்ட். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு கடைசிவரை கேட்டேன்.

இப்போது வானொலியில் அந்தப் பாட்டைத்தான் ஓயாமல் போடுகிறார்கள். என்ன குரல், என்ன உருக்கம் என்கிறார்கள். மெட்டு யாருடையது என்று ஒரு பயல் கேட்கவில்லை. அதனால்தான் நானே உங்களைத் தேடி வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், ஒன்பதும் என் மெட்டு.

இன்னொன்று. அந்தப் பாட்டின் முடிவில், கதவில் கை உரசும் சத்தத்தோடு, “நெவ், கதவத் திற... நெவ்” என்று பதிவாகியிருந்தது. நான் திறக்கவில்லை. அந்தத் துண்டைப் பிறகு வெட்டிவிட்டேன். தனி ஆல்பத்தில் என் பெயர் வரக்கூடாது என்று அவள்தானே சொன்னாள்?