ஜன்னலில் ஒரு தொட்டிக்குத்தான் இடம்

எனக்குச் செடிகள் என்றால் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் வெயில் எட்டிப் பார்ப்பது ஒரே ஒரு ஜன்னலில். அதை ஒட்டித்தான் என் மேசை. வீட்டிலேயே கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன் நான். வெளிச்சம் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. ஜன்னல் விளிம்பில் என் மணி பிளான்ட் இருந்தது. சாதுவான செடி, இழுத்துக் கட்டிய பக்கம் படரும்.

மாமியார் எங்களோடு தங்க வந்தபோது ஒரு பாம்புக் கற்றாழைத் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். வாள் வாளாக இலைகள். என் வெளிச்சத்தில் பாதியை அது விழுங்கிவிடும் என்று பார்த்த உடனே தெரிந்தது.

"ரெண்டுமே பெருசா பாத்துக்க வேண்டாத செடிதான். எது நல்லா வருதோ அது ஜன்னல்ல இருக்கட்டும்" என்றாள் மனைவி. நியாயமான பேச்சு. ஆனால் தொட்டி போகிற இடத்துக்கு நாற்காலியும் போகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மாமியார் தன் நாற்காலியை ஏற்கெனவே என் மேசைப் பக்கம் நகர்த்தியிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

"இதுக்குத் தண்ணிதான் எமன், மாப்பிள்ளை. ஊத்த மறந்தா இன்னும் ஜோரா வளரும்" என்றார், பெருமையாக.

அன்றிலிருந்து அதை நான் கவனித்துக்கொண்டேன். சின்னத் திருகாணிகள் உருண்டோடாமல் ஒட்டிவைக்க என்னிடம் பச்சை மெழுகு உண்டு. அதில் கொஞ்சம் உருட்டி, தொட்டியின் அடித்துளையை அடைத்தேன். ஈரம் வீணாகக் கூடாது அல்லவா. பிறகு மாமியார் குளிக்கப் போகும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர். வெறும் தண்ணீர்தான். ஒரு இலையைக்கூட நான் கிள்ளவில்லை. தூசிகூடத் துடைத்துவிட்டேன்; அதைப் பார்த்து மனைவி நெகிழ்ந்துபோனாள்.

கற்றாழை அடியில் குழைந்து, இலை இலையாகச் சாய்ந்தது. மாமியார் அழுதார். எனக்கும் கண் கலங்கியது, நடிப்பில்லை.

தொட்டியைக் கொட்டிக் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"போகட்டும் மாப்பிள்ளை. இனிமே உங்க செடியை நான் பாத்துக்கறேன். நீங்க வேலையைப் பாருங்க."

எவ்வளவு பெரிய மனசு. ஜன்னலோரம் அவர் நாற்காலிக்கு நானே இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.

இப்போது என் மணி பிளான்ட் மஞ்சளடித்து உதிர்கிறது. இன்று காலை தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அடித்துளையில் அதே பச்சை மெழுகு உருண்டை.

"என்ன மாப்பிள்ளை, என்ன தேடறீங்க?" என்றார் மாமியார், நாற்காலியில் இருந்தபடியே.

"ஒண்ணுமில்ல அத்தை."

வேறு என்ன சொல்ல முடியும்? நீங்கள் நியாயம் தெரிந்தவர், நீங்களே சொல்லுங்கள். வாயில்லாத ஒரு செடியிடம் இப்படி நடந்துகொள்ள ஒருவருக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.