தங்கத்தாளுக்கு அஞ்சு நிமிசம்

இல்ல நூரி, தம்பிய அனுப்பாத. தங்கத்தாள் இல்லாட்டி உன் படம் செத்தா போயிரும்? மஞ்சப் பெயின்ட தடவிக்கோ. மொதல்ல அவன வண்டிய அணைக்கச் சொல்லு. தெரியும்மா, படிக்கட்டுக்கு மேல இருக்கற பேப்பர் கடைதான, கூப்புடு தூரந்தான். அங்கதான் வேணாங்கறேன். ஆங், அணைச்சிட்டான். நீ உக்காரு, சொல்றேன்.

இந்த மேட்டுக்குக் குடி வந்து எத்தன நாளாச்சு? ஒம்போது நாளா. அதான். இங்க ஒரு கோடு இருக்கு. தரையில தேடாத, கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். பொம்பளைங்க தாண்டலாம், கெழவன் தாண்டலாம், ஒண்ணும் செய்ய மாட்டானுங்க. உன் தம்பி மாதிரி வயசுப் பய தாண்டினா சுட்டுட்டுத்தான் யாருன்னே பாப்பானுங்க. அதுவும் ஒரு எடத்துல நிக்காது. போன வாரம் தண்ணித் தொட்டியோட இருக்கும், இந்த வாரம் படிக்கட்டுக்கு எறங்கிரும். யாரு சொல்லுவாங்கன்னா கேக்கற? நோட்டீஸா அடிப்பாங்க. காலைல அரேப்பா ரொட்டி வாங்க வரிசைல நிப்போம்ல, அங்க காதுல விழும். அரேப்பா வாங்க மறந்தாலும் அதக் கேக்க மறந்துறாத.

கை சும்மா இருக்கே, ஒட்டிக்கிட்டே கேளு. இந்தப் பஸ் டிக்கெட்டக் கிழிச்சு ஓரத்துல வை. வெட்டாத, கிழி. கிழிச்ச ஓரந்தான் பசையில நல்லாப் படியும். கத்தரிக்கோலா? அதான் பாக்கறியே, மேசையோட கயித்துல கட்டி வச்சிருக்கு. எல்லாம் என்னாலதான். அந்த மூலைல ரெண்டு விரல் மடங்காம ஒருத்தி உக்காந்திருக்கா பாரு, ருபியேலா. அவள நாந்தான் குத்துனேன்.

எந்திரிக்காத, உன்னைக் குத்த மாட்டேன்.

என் நோட்டப் பாக்கறியா? பொறட்டு. அது நிசமான ஆணிதான், படிக்கட்டு போட்டோல சுத்தியால அடிச்சது. பின்பக்கம் முனை நிக்கும், கையக் கிழிச்சுக்காத. அந்த ரெண்டு மூஞ்சியும் பேப்பர்ல வந்த போட்டோ. கண்ண ஸ்க்ரூ டிரைவரால நோண்டிட்டேன். நெருப்பு வச்சேன், கொதிக்கிற மெழுகு ஊத்துனேன், இன்னும் ஆத்திரம் அடங்கல. இது என் மகன் துவானோட சட்ட. ஏழு ஓட்ட. துணியத் தொவைக்காம அப்படியே ஒட்டிட்டேன். இந்த வகுப்பு எடுக்கற அலெய்தா டீச்சர் சொல்லுவா, மனசுல இருக்கறத நோட்டுல எறக்கி வச்சா மனசு லேசாகும்னு. எனக்கு ஒரு கழுதையும் லேசாகல.

துவானுக்குப் பத்தொம்போது வயசு. ஒரு சனிக்கெழம, இதே வகுப்பு, இதே மேசை. வெடிச் சத்தம் கேட்டுச்சு. ருபியேலா பந்தாட்டத்துல நம்ம ஆளுங்க கோல் போட்டுட்டாங்க போலன்னா. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். ஏழு. பந்தாட்டத்துக்கு எவன் எண்ணி ஏழு வெடி போடுவான்? ஓடுனேன். பாதிப் படில தலகீழாக் கெடந்தான். நான் மேல ஏறறதுக்குள்ள ரத்தம் கீழ எறங்கி வந்திருச்சு. அதுலயே வழுக்கி விழுந்து, பல்லு ஒடஞ்சது எனக்கு. இந்தா, இது. வாயில இன்னும் உசுரு இருந்துச்சு, கொழகொழன்னு ஒரு சத்தம், பேச்சா என்னன்னு தெரியல. மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தானுங்க, சுட்ட ரெண்டு பேரும். கல்ல எடுத்து எறிஞ்சேன். ஒருத்தன் சிரிச்சான்.

போலீசுக்காரன் கேட்டான், உன் மகன் கையில என்னமோ இருந்துச்சாமேன்னு. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன். பாவாடைக்குள்ள சொருகி வச்சிருந்தேன் அத. ஊருக்கெல்லாம் எவளையோ பாக்கப் போனான்னு சொன்னேன். செத்த புள்ள மேல பழி போட்டேன் நூரி, பெத்தவ நான்.

ருபியேலாவா? அவ ஒண்ணும் கெட்ட வார்த்த பேசல. அவன் செத்து ஒரு மாசம் இருக்கும். எதையோ ஒட்டிக்கிட்டே, நிமிந்துகூடப் பாக்காம கேட்டா. யமிலே, அன்னைக்குக் காலைல அரேப்பா வரிசைல நீ எம் பின்னாடிதான நின்னன்னு. அவ்வளவுதான் கேட்டா. எனக்கு அதுக்கப்புறம் எதுவும் தெரியல. கத்தரிக்கோலு அவ கையத் தொளச்சு மேசையில நின்னுச்சு. மேசையில அந்த வடு இருக்கு பாரு, உன் முழங்கைக்குக் கீழ. மூணு பேரு பிடிச்சு இழுத்தாங்க, ஒருத்தி காதக் கடிச்சு வச்சேன். என் மகனப் பத்தி அவ தப்பாப் பேசினதாத்தான் இன்னைக்கும் எல்லாரும் நெனைக்கறாங்க. அவளும் போலீசுல கை வழுக்கிருச்சுன்னு சொல்லிட்டா. ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல. பசை மூடி திருக வராது அவளுக்கு, நாந்தான் தொறந்து குடுப்பேன்.

வரிசைல என்ன பேசுனாங்கன்னா கேக்கற? கோடு படிக்கட்டுக்கு எறங்கிருச்சுன்னு பேசுனாங்க. ரெண்டு பேரும்தான் கேட்டோம்.

மத்தியானம் நான் ஒரு சூரியன ஒட்டிக்கிட்டு இருந்தேன், பாதில தங்கத்தாள் தீந்துபோச்சு. துவான் வாசல்ல உக்காந்திருந்தான், உன் தம்பி உக்காந்திருக்கானே, அங்கதான். அவனுக்கு மட்டும் கேக்கற மாதிரி, அஞ்சு நிமிசம், வாங்கிட்டு வந்துருடான்னேன். யோசிச்சான். கோடு மாறிருச்சுங்கறாங்களேம்மான்னான். பயந்தாங்கொள்ளி, நீயெல்லாம் ஒரு ஆம்பளையான்னு சிரிச்சேன். எதுக்குன்னு தெரியாமலே எல்லாரும் சிரிச்சாங்க. எந்திரிச்சுப் போனான். பாவாடைக்குள்ள நான் சொருகுனது அந்தத் தாளத்தான்.

பொம்பளைங்க தாண்டலாம்னு சொன்னேன்ல. நானே போயிருக்கலாம். கையெல்லாம் பசையா இருந்துச்சு.