கிழக்குக் கோர்ட்டுக் கட்டில்

மரக்கட்டிலைத் தூக்குவதில் ஒரு நிம்மதி உண்டு ஐயா. இரும்புக் கட்டில் மாதிரி தரையில் கிறீச்சிட்டு ஊரைக் கூட்டாது. அந்த வீட்டில் இருந்தது மரக்கட்டில். நானும் பியூனும் எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறோம், அதில் படுத்திருந்த வீட்டுக்கார அம்மாவின் தூக்கம்கூடக் கலைந்ததில்லை. என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

நான் கோர்ட்டில் மாற்றல் பிரிவு குமாஸ்தா. செத்தவர் கடைசியாக எங்கே வசித்தாரோ, அந்த எல்லைக்கு உட்பட்ட கோர்ட்டில்தான் அவருடைய உயில் வழக்கு நடக்க வேண்டும். தப்பான கோர்ட்டில் போட்டிருந்தால், வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கிச் சரியான கோர்ட்டுக்கு அனுப்புவது என் வேலை. அந்த வீட்டுப் பெரியவர் விஷயத்தில் என்ன கஷ்டம் என்றால், கிழக்குக் கோர்ட்டுக்கும் மேற்குக் கோர்ட்டுக்கும் எல்லை அவர் வீட்டுக் கூடத்தின் நடுவே ஓடுகிறது. படுக்கையறை கிழக்கு, சமையலறை மேற்கு. மனிதர் படுத்தது ஒரு கோர்ட்டில், சாப்பிட்டது இன்னொரு கோர்ட்டில்.

வீட்டை மனைவி பேருக்கு, அதாவது இந்த அம்மா பேருக்கு, எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். உயிலே பொய் என்று மூத்த மகன் வழக்குப் போட்டான். வழக்கு எந்தக் கோர்ட்டில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் அம்மா இருக்கலாம். மறுபக்கம் அந்தக் கோர்ட்டின் அதிகாரத்துக்கு வெளியே, ஆகவே பூட்டி சீல் வைக்க வேண்டும். இது நான் போட்ட சட்டம் இல்லை. வழக்கு கிழக்கே போனால் கட்டில் படுக்கையறைக்கு; மேற்கே வந்தால் சமையலறைக்கு, அடுப்புக்குப் பக்கத்தில். அம்மாவால் நடக்க முடியாது, கட்டிலோடு சேர்த்துத்தான் தூக்குவோம். "என்னப்பா, இன்னிக்கு எந்தக் கோர்ட்டு?" என்று கேட்டுச் சிரிப்பார். நல்ல மனுஷி.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், வழக்கைப் பந்தாடியது நான்தான். என் மேசையில் மிச்சமிருந்தது அந்த ஒரு வழக்கு. அது முடிந்தால் மாற்றல் பிரிவை மூடிவிட்டு என்னை நகல் பிரிவுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். நகல் பிரிவுக்கு மேலதிகாரி யார் தெரியுமா? என் மனைவியின் தம்பி. நான் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்த பயல். "தம்பிக்குக் கீழதானே, அவன் உங்கள நல்லாப் பாத்துக்குவான்" என்று மனைவி ஆறுதல் வேறு சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மச்சினன் முன்னால் கைகட்டி நிற்கும் நிலைமை உங்களுக்கு வந்திருக்காது.

ஆகவே தீர்ப்பு நெருங்கும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஆதாரம் அகப்படும். பெரியவரின் மூக்குக்கண்ணாடி சமையலறை அலமாரியில் இருந்தது. ஆக, வசித்தது மேற்கில். பிறகு அவருடைய பல்செட்டு படுக்கையறை ஜன்னலில் கிடைத்தது. பல்லைக் கழற்றி வைக்கிற இடமே வசிப்பிடம் என்று நான் எழுதியதைக் கிழக்கு நீதிபதி வாய்விட்டுப் பாராட்டினார். பல்செட்டை அங்கே கொண்டுபோய் வைத்ததும் நான்தான்.

அந்த மாற்றல் உத்தரவு, மேற்குக் கோர்ட்டில் தீர்ப்பு சொல்லவேண்டிய நாளன்று காலையில் வந்தது. தீர்ப்பு அம்மாவுக்குச் சாதகம் என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பாடும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொள்கிற மகள், அதைக் கேட்கத்தான் மேற்குக் கோர்ட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள். வழக்கு இடம் மாறியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் நான்.

கட்டிலைப் படுக்கையறையில் இறக்கினோம். சமையலறையைப் பூட்டி அரக்கு வைத்தேன். நல்ல வெயில். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நெஞ்செல்லாம் வறளுதுப்பா. ஒரு வாய் தண்ணி குடேன்."

"சமையக்கட்டு இப்ப மேற்குக் கோர்ட்டும்மா. நான் கிழக்கு ஆளு, எப்படி நுழையறது?"

பியூன் குறுக்கே வந்தான். "பக்கத்து வீட்டுல ஒரு செம்பு வாங்கியாறேன் சார். என்ன குடியா முழுகிடும்?"

"அந்த வீடும் மேற்குதான்யா. நீ மொதல்ல கட்டைக் கொண்டுபோய்க் கிழக்குக் கோர்ட்டுல சேரு" என்று அனுப்பிவிட்டேன்.

சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது, ஐயா. பூட்டைத் திறந்திருக்கலாம். ஆனால் சீல் உடைந்தால் மாற்றல் செல்லாது, வழக்கு மத்தியானமே மேற்குக்குத் திரும்பும், அங்கே தீர்ப்பும் வந்துவிடும். அப்புறம் என் நாற்காலியை மச்சினன் மேசைக்குப் பக்கத்தில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கூடத்தில் எல்லைக்கு இந்தப்புறமாக உட்கார்ந்திருந்தேன். அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். குரல் இறங்கிக்கொண்டே போய் அப்புறம் நின்றுவிட்டது. தூங்குகிறார் என்று வைத்துக்கொண்டேன். தூக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மகள் வந்து, என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பாவம், அவள் வருத்தம் அவளுக்கு. அம்மாவும் போய்விட்டதால் வாரிசுகளைச் சேர்த்து வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டும் என்று இரண்டு நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். மாற்றல் பிரிவு இப்போதைக்கு இருக்கும்.

கொன்றுவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பதில் கையெழுத்துப் போடுகிறேன், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் கொடுக்க மறுத்தேன் என்று இருக்கிறதே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். தரமாட்டேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. மனு எழுதித் தாருங்கள் என்று, மரியாதையாக, பேனாவையும் நீட்டினேன்.