கோளாறு எதுவும் இல்லை

எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. வீட்டில் யார் அறையை விட்டு எழுந்து போனாலும் பின்னாலேயே போய் அணைத்துவிட்டு வருவேன். மனைவி குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை விளக்கை அணைத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டால், இன்ஸ்பெக்டர் ஐயா, மற்றது உங்களுக்குத் தானாகப் புரியும்.

அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய வண்டியில், மோதினால் விரிந்து ஆளைத் தாங்குகிற பை இருக்கிறதே, அந்த ஏர்பேக்கின் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்ததும் என் பட்டறைக்கு வந்தார். கோளாறைக் காட்டும் ஸ்கேனரைச் செருகினேன். ஓட்டுநர் பக்க ஏர்பேக், மின்தடை அதிகம் என்று காட்டியது. அந்தப் பதிவை அழித்தேன். உடனே திரும்பி வந்தது. அழித்ததும் போய்விட்டால் அது எப்போதோ வந்துபோன கோளாறு. அழித்தாலும் வந்து நின்றால் இப்போதும் இருக்கிற கோளாறு. விருந்தாளிக்கும் வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் வயர் அறுந்திருந்தது. புதியது வரும் வரும் என்றார்கள், வரவே இல்லை. அத்தான் தினமும் வந்து உயிரை எடுத்தார்.

"பெரிய மெக்கானிக்னு பேரு. ஒரு விளக்க அணைக்கத் துப்பில்ல. கத்துக்க வர்றவங்க ரோட்டப் பாக்காம அதையே பாக்கறாங்கப்பா."

பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் பையைப் பார்ப்பதில்லை. வண்டியின் கணினி வயரில் துளி மின்சாரம் விட்டு, மறுமுனையில் எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கும். அது சொல்வதை ஸ்கேனர் நமக்குக் காட்டும், அவ்வளவுதான். அந்தத் தடையைப் பயறளவு ரெசிஸ்டர் ஒன்றும் கொடுக்கும். பையின் இணைப்பைக் கழற்றிவிட்டு அதை வைத்தேன். விளக்கு அணைந்தது. 'கோளாறு எதுவும் இல்லை' என்றது திரை. நான் வாய்விட்டுப் படித்தேன். பொய் சொன்னேன் என்கிறீர்களே, அதில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அத்தான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கும் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

அக்கா பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். எதிரே சுவர். கணினி தன் வேலையைச் சரியாகச் செய்தது, பையை விரியச் சொன்னது. உத்தரவு என் ரெசிஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவும் பாவம், தன்னால் முடிந்ததைச் செய்தது. கருகிப்போனது.

அக்காவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது, முறைக்கத்தான் முடியும். ஆஸ்பத்திரியில் என்னை அப்படி முறைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, கூடப் பிறந்தவள் அல்லவா. ஆனால் சுவரில் மோதியது நானில்லை. அத்தானிடம் கேட்டுப் பாருங்கள், மோதும்வரை அந்த விளக்கு எரியவே இல்லை என்று அவரே சொல்வார்.

கருகிய ரெசிஸ்டரை மேசைமேல் வைத்து, வேறு எத்தனை வண்டியில் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். எண்ணி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. உதவியை யாராவது எண்ணுவார்களா? விளக்கு எரிகிறது என்று வந்தவர்களில் ஒருவரையும் முகம் வாடத் திருப்பி அனுப்பியதில்லை.

உங்களையும்தான். மறந்துவிட்டீர்கள் போல. "தம்பி, பொண்ண தினமும் இதுலதான் காலேஜ்ல விடறேன், இந்தச் செகப்பு விளக்கு கண்ண உறுத்துது, கொஞ்சம் பாருங்க" என்றீர்கள். நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள்.

உட்காருங்கள் ஐயா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? நேர்மையாகச் சொல்லுங்கள், அன்றைக்கு அப்புறம் அது ஒரு தடவையாவது எரிந்ததா?