விற்பனைக்கு: சிவப்பு வால்தாரோ, ஒரே உரிமையாளர்

நோட்டரி: ...குறுக்கே பேசாமக் கேளு, நீவெஸ். "மானுடம் காலத்தின் கையில் ஒப்படைத்துச் செல்லும் செல்வங்களில் சில கல்லால் ஆனவை, சில சொல்லால் ஆனவை. இதுவோ உலோகத்தில் வடித்த ஓர் இதயத் துடிப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் மோதேனா மண்ணில் பிறந்த இந்த வால்தாரோ கார்..."

நீவெஸ்: நோட்டரி ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கிரீஸ் டப்பாவுக்குள்ள காலை வெச்சிருக்கீங்க.

நோட்டரி: எங்க... அடடா. புது ஷூ.

நீவெஸ்: துணி அந்த ஆணியில தொங்குது. ம், படிங்க. மண்ணில் பிறந்து?

நோட்டரி: "...உலகில் எஞ்சியிருக்கும் ஒன்பதில் ஒன்று. ஒரே உரிமையாளர்."

நீவெஸ்: அப்ப உங்களுக்கு முன்னாடி வெச்சிருந்த வின்யோலா ஊர்க் கசாப்புக்கடைக்காரர்?

நோட்டரி: அவர் ரெண்டே வருஷம்தான் வெச்சிருந்தார்.

நீவெஸ்: வெச்சிருந்தார் இல்ல?

நோட்டரி: பன்னித்தொடை ஏத்திட்டுப் போனவரை உரிமையாளர்னு எப்படிச் சொல்றது? அவர் அனுபவதாரர். உரிமை வேற, அனுபவம் வேற. ஆறாயிரம் கார் விற்பனைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்ட கை இது. எனக்குத் தெரியாதா?

நீவெஸ்: வாங்க வர்ற பல் டாக்டருக்குத் தெரியுமா?

நோட்டரி: மூணு மணிக்கு பெர்கமோலேர்ந்து வரட்டும், தெரிஞ்சுக்குவார். "ஒருபோதும் மழையில் நனைந்ததில்லை."

நீவெஸ்: அது சத்தியமான வார்த்தை. உங்க கோழிக்கொட்டகை ஒழுகவே ஒழுகாது. நான் முதமுதல்ல கதவைத் திறந்தப்ப டிரைவர் சீட்டுல நாலு முட்டை.

நோட்டரி: அதெல்லாம் இப்ப எதுக்கு...

நீவெஸ்: ஒண்ணு இளஞ்சூடாக்கூட இருந்துச்சு.

நோட்டரி: "அனைத்துப் பாகங்களும் அசல்."

நீவெஸ்: வலது கதவு நான் தகட்டை வெட்டித் தட்டினது. பானெட் எங்க சித்தப்பா தட்டினது. அவர் போய்ச் சேர்ந்தே ஒன்பது வருஷமாச்சு. ரெண்டு மட்கார்டு, தரைத்தகடு, டிக்கி மூடி... சாம்பல் தட்டு அசல்.

நோட்டரி: சாம்பல் தட்டு அசல்தானே?

நீவெஸ்: அசல்.

நோட்டரி: சரி, "அனைத்து"ங்கறதை "முக்கியமான"னு மாத்திடறேன். அடுத்தது கேளு. "உரிமையாளரின் விரல்களுக்கு மட்டுமே பழகிய ஸ்டியரிங்..."

நீவெஸ்: எந்த உரிமையாளரோட விரலுக்கு?

நோட்டரி: நீ சூப்பைச் சூடு பண்ணு போ.

நீவெஸ்: அதான் குடிச்சு முடிச்சாச்சே. கிண்ணத்தைப் பாருங்க. ஒரு தோர்த்தெல்லினிக் கொழுக்கட்டைகூட மிச்சம் வெக்கல... நான் ஒண்ணு கேக்கட்டுமா?

நோட்டரி: கேக்காம விடவா போறே.

நீவெஸ்: பதினொரு வருஷம். வியாழன் தவறினதில்ல. இந்தப் பட்டறைக்கு வருவீங்க, அந்த ஸ்டூல்ல உக்காருவீங்க, சூப்பு குடிப்பீங்க. "அவசரமே இல்ல நீவெஸ், பொறுமையா செய்"ம்பீங்க. நான் சாவியைத் திருப்புவேன், வண்டி இருமும், நின்னுடும். "அடுத்த வாரம் பாக்கலாம்"னுட்டுக் கிளம்புவீங்க. போன மாசம் திடீர்னு வந்து விக்கணும்கறீங்க.

நோட்டரி: பாரம்பரியம் ஒருத்தன் கொட்டகையில முடங்கக்கூடாது. அது உலகத்துக்குச் சொந்தம்.

நீவெஸ்: உலகம் பெர்கமோல பல் புடுங்குதா?

நோட்டரி: உனக்கு எல்லாமே கிண்டல்.

நீவெஸ்: இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். பழைய கார் கிளப் செயலாளர் எர்மெஸ் செவ்வாய்க்கிழமை இங்க வந்தார். ஏப்ரல் ஊர்வலத்துல முதல் வண்டி உங்களோடதாம். கௌரவத் தலைவராம். நீங்களே ஓட்டறீங்களாம். போஸ்டர் அடிச்சாச்சாம்.

நோட்டரி: ...போஸ்டரா?

நீவெஸ்: உங்க பேரு மேயர் பேரைவிடப் பெருசாம்.

நோட்டரி: அதுக்கு முன்னாடி வித்தாகணும்.

நீவெஸ்: ஊரே கைதட்டப்போற நாளுக்கு முன்னாடியா?

நோட்டரி: அடக்கம்னு ஒண்ணு இருக்கு.

நீவெஸ்: உங்ககிட்டயா?... இருங்க, போன். பல் டாக்டர்தான் செய்தி அனுப்பியிருக்கார். "மோதேனா தாண்டிவிட்டேன். மூன்றுக்குள் வந்துவிடுவேன். நோட்டரி அவர்கள் தம் கையாலேயே ஓட்டிக் காட்டினால்தான் வாங்குவேன். வண்டியை அறிய வேண்டுமானால் அதை நேசித்தவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார வேண்டும்." உங்களை மாதிரியே எழுதறாரே, பாவம்.

நோட்டரி: மணி என்ன?

நீவெஸ்: ரெண்டு நாப்பது.

நோட்டரி: நான் கிளம்பணும். நீயே காட்டிடு. ஒரு நோட்டரி நின்னு பேரம் பேசறது பதவிக்கு அழகில்ல.

நீவெஸ்: ரிட்டயர் ஆகிப் பல வருஷமாச்சு.

நோட்டரி: பதவி போகும், அழகு போகாது. என் தொப்பி எங்க?

நீவெஸ்: மடியில... பாருங்க, வெளிய என்ன பனி. பத்தடி தெரியல. உங்க கார் எங்க நிக்குது?

நோட்டரி: சர்ச்சுக்குப் பின்னாடி. எப்பவும் போல. அங்கேருந்து நடந்தா உடம்புக்கு நல்லது.

நீவெஸ்: அஞ்சு நிமிஷம் உக்காருங்க. அந்த ஆள் வர்றதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லியாகணும்.

நோட்டரி: அடுத்த வியாழன் சொல்லேன்.

நீவெஸ்: வண்டி போயிட்டா அடுத்த வியாழன் ஏது?

நோட்டரி: ...சொல்லு.

நீவெஸ்: இது ஸ்டார்ட் ஆகாதது வண்டி குத்தமில்ல.

நோட்டரி: கார்புரேட்டர்னு சொன்னியே.

நீவெஸ்: ஒரு வருஷம் கார்புரேட்டர்னேன். அப்புறம் காயில்னேன். அப்புறம் காத்துல ஈரம்னேன். நீங்களும் தலையாட்டினீங்க... இதோ, இதுதான். ரோட்டார். கட்டைவிரல் தண்டி. இது இல்லேன்னா எஞ்சினுக்குப் பொறி போகாது. வியாழக்கிழமை காலையில கழட்டி ஏப்ரன் பையில போட்டுப்பேன். நீங்க போனதும் மாட்டிடுவேன்.

நோட்டரி: எத்தனை நாளா?

நீவெஸ்: நாலு வருஷமா. வண்டி வேலை முடிஞ்சே நாலு வருஷமாச்சு.

நோட்டரி: எதுக்கு?

நீவெஸ்: ஓட ஆரம்பிச்சுட்டா நீங்க எதுக்கு இங்க வரப்போறீங்க... ஒருத்திக்குன்னு வெச்சா சூப்பு நல்லா வர்றதில்ல. திட்டறதுன்னா திட்டிடுங்க.

நோட்டரி: இடது பை.

நீவெஸ்: என்ன?

நோட்டரி: இடது பையில வெச்சுப்பே. நீ சூப்பு ஊத்தக் குனியறப்ப மேசைக்கால்ல டொக்குனு இடிக்கும்.

நீவெஸ்: தெரியுமா? தெரிஞ்சும் ஏன் கேக்கவே இல்ல?

நோட்டரி: ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் பனாரோ ஆத்தங்கரை ரோட்டுல நீ இதை எடுத்துட்டுப் போறதும் தெரியும்.

நீவெஸ்: ...பூட்டியே கிடந்தா சீல் எல்லாம் காஞ்சு போகும். அதுக்காகத்தான்.

நோட்டரி: எர்மெஸ் பாத்திருக்கார். தொப்பி, பெரிய கண்ணாடி, சிவப்பு வால்தாரோ. ஓட்டறது நான்னு நினைச்சுட்டார். கிளப்புல எல்லார் முன்னாடியும் கையைப் பிடிச்சுக் குலுக்கறார். "பாலத்து வளைவை என்னமா எடுத்தீங்க நோட்டரி ஐயா, கீர் மாத்தினதே காதுல விழல"ங்கறார்.

நீவெஸ்: நீங்க என்ன சொன்னீங்க?

நோட்டரி: நன்றின்னேன்.

நீவெஸ்: அவ்வளவுதானா?

நோட்டரி: எல்லாம் பழக்கம்தான்னேன்.

நீவெஸ்: அந்தப் பழக்கத்துக்குத்தான் கௌரவத் தலைவரா?

நோட்டரி: அங்கேயே தீர்மானம் போட்டுட்டாங்க. எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்க, நீவெஸ். நாப்பது வருஷம் பத்திரம் எழுதினேன், ஒருத்தன் தட்டினதில்ல.

நீவெஸ்: என் வளைவுக்கு.

நோட்டரி: உன் வளைவுக்குத்தான்.

நீவெஸ்: ...வளைவு நல்லா இருந்துச்சுன்னாரா?

நோட்டரி: அவங்க அப்பாகூட அப்படி எடுத்ததில்லையாம்.

நீவெஸ்: சரி, அதை விடுங்க. ஊர்வலம் என்ன பந்தயமா? முன்னாடி பேண்டு வாத்தியக்காரங்க நடந்து போவாங்க, பின்னாடி ஊர்ந்துக்கிட்டே போகணும். முதல் கீரைத் தாண்ட வேண்டியதில்ல. தினம் கார் ஓட்டற மனுஷனுக்கு இது ஒரு...

நோட்டரி: மணி என்ன?

நீவெஸ்: ரெண்டு அம்பத்தஞ்சு.

நோட்டரி: போச்சு.

நீவெஸ்: பஸ்ஸா?

நோட்டரி: ...எந்த பஸ்?

நீவெஸ்: ரெண்டு அம்பது பஸ். அதை ஓட்டறது என் தங்கச்சி வீட்டுக்காரர். பதினொரு வருஷமா வலது பக்கம் மூணாவது சீட். தொப்பியை மடியில வெச்சுப்பீங்களாம். வர்றப்ப ஒரு ஸ்டாப் முன்னாலயே இறங்கிடுவீங்களாம்.

நோட்டரி: சர்ச்சுக்குப் பின்னாடி...

நீவெஸ்: சர்ச்சுக்குப் பின்னாடி பாதிரியார் முட்டைக்கோஸ் போட்டிருக்கார். சைக்கிள் நிறுத்தக்கூட எடமில்ல.

நோட்டரி: இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேக்கல நீ.

நீவெஸ்: கேட்டிருந்தா அடுத்த வாரம் வந்திருப்பீங்களா?

நோட்டரி: ...மாட்டேன்.

நீவெஸ்: அதான்... ஹாரன் கேக்குதா? வாசலுக்கே வந்துட்டார். சீக்கிரம் சொல்லுங்க. ரோட்டாரைப் பையிலயே போட்டுக்கவா? வண்டி இருமும், நின்னுடும், அவர் திரும்பிப் போயிடுவார். ஆனா ஏப்ரல் ஊர்வலம் அப்படியேதான் இருக்கும். இல்ல, மாட்டட்டுமா?

நோட்டரி: மாட்டு.

நீவெஸ்: மாட்டினா ஓட்டச் சொல்வார்.

நோட்டரி: மாட்டிட்டு வா. இந்தப் பேப்பரைத் திருப்பு, பின்பக்கம் வெறுமையா இருக்கு. பேனா எடு. ஆறாயிரம் பேர் சொன்னதை உண்மைன்னு நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னோடது ஒண்ணு பாக்கி.

நீவெஸ்: மாட்டியாச்சு. கையெல்லாம் கிரீஸ், பரவால்லயா? ...சொல்லுங்க.

நோட்டரி: "இந்த வாகனம் விற்பனைக்கு இல்லை. ஏப்ரல் ஊர்வலத்தில் இதனை நீவெஸ் காவாத்சூத்தி ஓட்டுவார்; பாலத்து வளைவில் ஓட்டியவரும் அவரே."

நீவெஸ்: ...அப்ப நீங்க?

நோட்டரி: பக்கத்து சீட்டு. எழுது.

நீவெஸ்: எழுதிட்டேன். பெர்கமோலேர்ந்து வந்த மனுஷன், காரணம் கேப்பாரே.

நோட்டரி: "கீழே கையொப்பமிட்டுள்ள லேயார்கோ மொந்தோர்சி ஆகிய எனக்கு வாகனம் ஓட்டும் உரிமம் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் மூன்று முறை தேர்வுக்குச் சென்று, மூன்று முறையும் வண்டியைப் பின்னோக்கி எடுக்கையில் ஒரே மரத்தில் மோதினேன்."