அண்ணியின் ஓய்வு நாட்கள்

— அசையாதேன்னு சொல்றேன்ல, அக்கா. காலைக் கீழ விடாதே.

— டேய், இது என் நாற்காலிடா. இதுல படுத்திருக்கிறவங்களை அசையாதேன்னு அதட்டுறது என் வேலை. முதல்ல அந்த விளக்கை என் மூஞ்சியிலேர்ந்து திருப்பு, கண்ணு கூசுது.

— பல் டாக்டரே பேஷண்ட் நாற்காலியில மல்லாந்து கிடந்தா, வெளியில உட்கார்ந்திருக்கிறவங்க தலைதெறிக்க ஓடிட மாட்டாங்க?

— எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லி நர்ஸ் அனுப்பிட்டா. காலை உயர்த்தி வைக்கணும்னு நீதானே போன்ல சொன்னே? இந்தக் கிளினிக்ல அதுக்கு வேற என்ன இருக்கு? பட்டனை அமுக்கினா தலை இறங்குது, கால் ஏறுது. வருஷக்கணக்கா மத்தவங்களைப் படுக்க வச்சேன், இன்னைக்குத்தான் தெரியுது எவ்வளவு சுகமா இருக்குன்னு.

— சுகமா? சரி, எப்படி ஆச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு.

— ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப் பல் எடுத்தேன். பல் வந்துடுச்சு. தையல் போடணும். ஊசியைப் பிடிச்சா கை நடுங்குது.

— கையா?

— கைதான். படிச்சு முடிச்சு வந்த நாள்லேர்ந்து நடுங்காத கை. சரி, நம்ம ஜூனியரைக் கூப்பிட்டுத் தையலைப் போடச் சொல்லலாம்னு ரெண்டடி பின்னால வச்சேன். கெண்டைக்கால்ல யாரோ கல்லை விட்டு எறிஞ்ச மாதிரி சுளீர்னு ஒரு வலி. கீழ விழுந்திருப்பேன்.

— யாரு பிடிச்சா?

— அந்தப் பெரியவர்தான். வாய் நிறையப் பஞ்சோட. பாவம், "பார்த்து டாக்டர்"னு சொல்லக்கூட முடியலை அவரால.

— சிரிக்காதே. இங்க அமுக்கினா வலிக்குதா?

— ஐயோ! டேய்!

— தசை பிடிப்பு இல்லை இது. நார் விட்டிருக்கு. எப்படி? காலையில என் உடற்பயிற்சி கிளாஸ்ல நல்லாத்தானே குதிச்சே? நேத்து முழுக்க ரெஸ்ட் வேற.

— ம்.

— ம்னா? நேத்து ரெஸ்ட்தானே?

— இன்னொருத்தரையும் வரச் சொல்லியிருக்கேன். அவ வந்ததும் மொத்தமாச் சொல்றேன். ரெண்டு தடவை திட்டு வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

— யாரை வரச் சொன்னே?

— வாசல்ல செருப்பு கழட்டுற சத்தம் கேக்குது பாரு, அவளைத்தான்.

— அண்ணி! என்ன ஆச்சு? நர்ஸ் போன்ல ஒரே அழுகை, நான் பயந்தே... ஓ. மாஸ்டரும் வந்திருக்காரா.

— வணக்கம், கோச்.

— வணக்கம், மாஸ்டர்.

— கேளு கூத்தை. மாஸ்டராம், கோச்சாம்! ஆறு வருஷம் வாய்க்கு வாய் "என்னங்க, என்னங்க"ன்னு கூப்பிட்டவ இவ. ஒரு வருஷம் தனி வீட்டுல இருந்தா, தாலி கட்டின புருஷன் மாஸ்டர் ஆயிடுவானா?

— அண்ணி, அதெல்லாம் இருக்கட்டும். காலைக் காட்டுங்க. ஐஸ் வச்சீங்களா? சரி. விரலை மடக்குங்க பார்க்கலாம். மெதுவா. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?

— அதான் எனக்கும் புரியலை. காலையில என் கிளாஸ்ல கயிறு குதிச்சப்போகூட ஒண்ணும் இல்லை.

— காலையில உங்க கிளாஸ்லயா? மாஸ்டர், இன்னைக்குப் புதன்கிழமை. புதன்கிழமை அண்ணிக்கு ரெஸ்ட். நான்தானே குடுத்திருக்கேன்.

— நீ குடுத்தியா? நீ எதுக்கு ரெஸ்ட் குடுக்கணும்? அக்கா என்கிட்டல்ல வருது. திங்கள், புதன், வெள்ளி. செவ்வாய், வியாழன், சனி ரெஸ்ட்.

— செவ்வாய், வியாழன், சனி என்கிட்ட வர்றாங்க. திங்கள், புதன், வெள்ளிதான் ரெஸ்ட்.

— அக்கா!

— அண்ணி!

— கத்தாதீங்க. பக்கத்துல கண் டாக்டர் இருக்கார், ஓடி வந்துடப் போறார். ஞாயித்துக்கிழமை நிஜமாவே ரெஸ்ட்தான். சத்தியமா. வீட்டைக் கழுவினதோட சரி.

— எவ்வளவு நாளா இந்த வேலை?

— நாலஞ்சு மாசம் இருக்கும்.

— கடவுளே! இது என்ன, பூங்காவுல காத்து வாங்குற நடையா? நாப்பது செகண்ட் உயிரைக் குடுக்கணும், இருபது செகண்ட் மூச்சு வாங்கணும், அடுத்த இடத்துக்கு ஓடணும். தண்டால், குதி, உட்கார்ந்து எழு, கயிறுன்னு ஒரு சுத்து முடிஞ்சா அடுத்த சுத்து. இதை வாரத்துக்கு ஆறு நாள் எவனாவது பண்ணுவானா? இப்பத்தான் புரியுது. திங்கக்கிழமை சிங்கம் மாதிரி வருவே, வெள்ளிக்கிழமை பிழிஞ்சு போட்ட துணி மாதிரி வருவே. சோம்பேறித்தனம்னு நினைச்சு நான் வேற ஒரு சுத்து கூட்டினேன்.

— கூட்டினீங்களா? நான் குறைச்சுட்டே வந்தேன், மாஸ்டர். குதிக்கிறதை எடுத்துட்டுப் படி ஏறி இறங்க வச்சேன். வயசாகுதுன்னு நினைச்சேன்.

— என்னம்மா சொன்னே? வயசாகுதுன்னா?

— நீங்க கண்ணாடி மாட்டாம பல் பார்த்திருந்தீங்கன்னா நானும் அப்படி நினைச்சிருக்க மாட்டேன், அண்ணி.

— நீ கூட்ட, அவ குறைக்க, நடுவுல என் கெண்டைக்கால்.

— இதுக்குத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். ஒரு ஆள் முந்தின நாள் என்ன பண்ணினாங்க, எப்படித் தூங்கினாங்கன்னு கேக்காம தூக்கு, குதின்னா, உடம்பு எங்கயாவது ஒரு இடத்துல கணக்கு முடிச்சுடும். கிளாஸ் முடிஞ்சு படி இறங்கும்போது பக்கத்துல இருக்கிறவங்களோட பேச மூச்சு மிச்சம் இருக்கணும். அப்பத்தான் அடுத்த வாரமும் வருவாங்க.

— நானும் கேட்டேன். "நேத்து என்ன பண்ணினே"ன்னு. "ரெஸ்ட்"னுச்சு.

— நானும்தான் கேட்டேன். "ரெஸ்ட்"தான்.

— ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பொய்யைச் சொன்னேன். ஆள் பார்த்து மாத்திச் சொன்னாத்தான் மாட்டிக்குவோம்.

— ஏன், அக்கா? ஒரே கிளாஸ் போதாதா?

— எப்படிடா போதும்? நீங்க ஒரே ஹாலை ஒண்ணா நடத்தினப்போ எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. சண்டை போட்டுட்டு இவ டயர் கடை மாடிக்குப் போனா, நீ அங்கயே உட்கார்ந்துட்டே. உன் கிளாஸுக்கு மட்டும் வந்தா, அண்ணி தம்பி பக்கம் சாய்ஞ்சுட்டாங்கன்னு இவ நினைப்பா. இவ கிளாஸுக்கு மட்டும் போனா, கூடப் பிறந்தவளே கைவிட்டுட்டாளேன்னு நீ மூஞ்சியைத் தொங்கப் போடுவே. ரெண்டு பக்கமும் தராசு சமமா நிக்கட்டும்னு பார்த்தேன். கால்ல நார் அறுந்ததுதான் மிச்சம்.

— அதுக்கு மூணு நாளை ஒண்ணரை ஒண்ணரையாப் பிரிச்சிருக்கலாமே, அண்ணி?

— அரை நாள் யாருக்குக் குறைச்சாலும் கேள்வி வருமே. அதுவும் போக, ஒரு நாள் நான் வரலைன்னா உங்க ரெண்டு பேருக்கும் சேதி எப்படிப் போகும்?

— என்ன சேதி?

— நடிக்காதே. ஒவ்வொரு கிளாஸ் முடிஞ்சதும் வேர்வையைத் துடைக்கக்கூட விடாம நீ என்ன கேப்பே? "அந்த டயர் கடை மாடிப்படி செங்குத்தா இருக்கே, அவ முட்டி எப்படி இருக்காம்?"

— அக்கா, அது சும்மா...

— இவ என்ன கேப்பா தெரியுமா? "மாஸ்டர் இன்னும் வெறும் வயித்தோடதான் கிளாஸ் எடுக்கிறாரா?" வாரம் தவறாம. நான் என்ன தபால்காரியா? தபால்காரிக்குக்கூட சைக்கிள் குடுப்பாங்க. என்னைக் கயிறு குதிக்க வச்சே சேதி வாங்கினீங்க.

— அண்ணி, நான் ஏதோ ஒரு தடவை...

— வாரம் தவறாமன்னு சொன்னேன். சரி, விடு. எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, இன்னைக்குத் தையல் போட முடியாம நடுங்கின இந்தக் கை நிக்குமா? இது நடுங்கினா நான் கிளினிக்கைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். ரெண்டாவது, இனிமே நான் எங்க வரணும்? ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பதிலாச் சொல்லுங்க.

— கை நிக்கும், அண்ணி. அசதிதான்னு நினைக்கிறேன். தோள் ஓய்ஞ்சு போனா விரல் ஆடும். ஆனாலும் இன்னைக்கே எலும்பு டாக்டர்கிட்ட ரெண்டையும் காட்டிடுவோம். அவர் சரின்னு சொல்ற வரைக்கும் ஒரு குதியும் இல்லை. அதுக்கப்புறம் வாரத்துக்கு ரெண்டே நாள். நடுவுல குறைஞ்சது ரெண்டு நாள் சும்மா நடக்கணும், அவ்வளவுதான். மாஸ்டர் என்ன சொல்றாரு?

— ரெண்டு நாள் ரொம்பக் கம்மி. மூணாவது...

— மாஸ்டர்.

— சரி. ரெண்டு நாள். உடம்பு கேட்டா மூணு. மூணு மாசம் கழிச்சு.

— ஒரு நாள் உங்ககிட்ட, ஒரு நாள் என்கிட்ட. அன்னைக்கு என்ன பண்ணினாங்கன்னு ராத்திரியே எனக்குச் சொல்லிடணும். நானும் சொல்வேன். நேரா. அண்ணி வழியா இல்லை.

— நீ போன் எடுப்பியா?

— கூப்பிட்டாத்தானே தெரியும்.

— ஏ, டேய், என்னடா இது? நல்லது சொல்றப்போ கண்ணு கலங்குது?

— இந்த விளக்கு கூசுது, அக்கா.

— விளக்கை அப்பவே திருப்பிட்டே.

— கோச்... உண்மையைச் சொல்லிடறேன். ஜனவரியில என் ஹால்ல நிக்க இடம் இருக்காது. ஏப்ரல்ல நான் விசில் ஊதினா எனக்கே திரும்பக் கேக்குது. வர்றவங்களுக்கு வைராக்கியம் பத்தலைன்னு திட்டிட்டு இருந்தேன். உன் மாடியில வருஷம் முழுக்க அதே முகங்களாம். மளிகைக்கடை அம்மா, பஸ் டிரைவர், அந்த ரெட்டைப் பிள்ளைகளோட அப்பா. எல்லாரும் என் ஹால்ல ரெண்டே மாசத்துல ஓடிப்போனவங்க.

— அவங்க நல்லாத்தான் பண்றாங்க. மெதுவா ஆரம்பிச்சேன், அவ்வளவுதான். நாலு வாரத்துல ஒரு வாரம் பாதியாக் குறைச்சுடுவேன். அந்த வாரம் எல்லாரும் சிரிச்சுட்டே வருவாங்க.

— நீ இதைத்தானே அன்னைக்கும் சொன்னே. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டியேன்னுதான் எனக்குக் கோபம்.

— வீட்டுல சொன்னா நீங்க தூங்கிட்டு இருப்பீங்க, மாஸ்டர். நான் வேற எங்க சொல்றது? கல்யாணமான புதுசுல நீங்களே பெருக்கினீங்க, நீங்களே துவைச்சீங்க, ஒரு டம்ளரைக்கூட என்னைக் கழுவ விடலை. ஹால்லேர்ந்து பத்து தடவை போன். எனக்கே கூச்சமா இருக்கும். அப்புறம் ஒரு நாள் எல்லாம் நின்னு போச்சு. வருவீங்க, சாப்பிடுவீங்க, சுவரைப் பார்த்துப் படுத்துப்பீங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிச்சே ரெண்டு வருஷம் போச்சு.

— நீ ஒரு தப்பும் பண்ணலை. நான் களைச்சுப் போயிட்டேன்.

— அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

— சொல்லத் தெரியலை. களைப்பா இருக்குன்னு எவனாவது வந்து சொன்னா, இன்னும் ஒரு சுத்துன்னு சொல்ற ஆள் நான்.

— டேய் தம்பி, நல்லாப் பேசுறே. இதே மாதிரி இன்னும் கொஞ்சம் வாயைத் திற.

— திறக்கிறேன். இதோ பாரு, இன்னைக்குச் சாயங்காலமே நான் பெட்டியோட வந்துடறேன். ஹாலை மூடிட்டுச் சாவியை உன் கையில குடுத்துடறேன். உன் மாடியில ஓரமா நின்னு பாய் விரிக்கிறேன். காலையில சமையல் நான், ராத்திரி பாத்திரம் நான். உன்னைத் தினமும் நானே வண்டியில கொண்டு விட்டு, நானே கூட்டிட்டு...

— போதும். நிறுத்துங்க.

— என்ன?

— உங்களுக்கு எதையும் பாதியாத் தூக்கவே தெரியாதா? முதல் நாளே எல்லாத்தையும் தலைக்கு மேல தூக்கிடறீங்க. அடுத்த மாசம் இடுப்பைப் பிடிச்சுட்டு உட்கார்றீங்க.

— அப்ப வரவே வேணாம்கிறியா?

— டேய், வாயை மூடு. மரப்பு ஊசி போடாமப் பிடுங்குறா, வலிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கோ.

— வரவேணாம்னு யார் சொன்னா? நாளைக்கு வாங்க. வியாழக்கிழமை. சாப்பிட்டுட்டு, ஒரு மணி நேரம் பேசிட்டு, உங்க வீட்டுக்குக் கிளம்பிடுங்க. அடுத்து ஞாயித்துக்கிழமை வாங்க. நடுவுல ரெண்டு நாள் வரக் கூடாது. போன் வேணா பண்ணலாம், ஒரே ஒரு தடவை. களைப்பா இருக்கிற அன்னைக்கு, களைப்பா இருக்குன்னு சொல்லிட்டு வராம இருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். இதையே ரொம்ப நாள் விடாமப் பண்ண முடியுதான்னு பார்ப்போம். ஹாலை மூட வேணாம். பெட்டி இப்ப இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.

— சரி. ரெண்டு நாள். வியாழன், ஞாயிறு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன். அக்காவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக நான் வண்டியை வாசலுக்குக் கொண்டு வர்றேன், கோச்.

— நில்லுங்க. வண்டி அப்புறம் எடுக்கலாம். கை நடுங்குது பாருங்க, அண்ணிக்கு நடுங்கின மாதிரியே. என்னங்க, காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டீங்களா, இல்லையா?