இடுக்கு திறந்திருந்தது

காற்றாடியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, ஐயா. உங்கள் தாள்கள் படபடக்கின்றன. பதினெட்டு வருடம் காற்றைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். விமானப் பயிற்சிக் கழகத்தின் ரேடியோ அறையில் உட்கார்ந்து, இறங்க வருபவர்களுக்குக் காற்றின் திசையும் வேகமும் சொல்ல வேண்டும். மீட்டரைப் பார்த்து அதை யாரும் சொல்லிவிடலாம். நான் சொல்வது இன்னொன்றும் உண்டு. ஓடுபாதைக்கு இடப்பக்கம் இரண்டு விமானக் கொட்டகைகள், நடுவில் ஓர் இடுக்கு. பக்கக் காற்று பலமாக அடிக்கும் சில நாட்களில் அந்த இடுக்கு வழியாகக் காற்று புழுதியோடு பீய்ச்சிக்கொண்டு வரும். தரையைத் தொடப் போகும் சின்ன விமானத்தை எட்டி உதைத்த மாதிரி தள்ளிவிடும். மேலிருந்து வருபவனுக்கு அது தெரியாது, என் ஜன்னலுக்கு மட்டும்தான் தெரியும். உடனே நான், "இடுக்கு திறந்திருக்கு" என்பேன். இறங்காமல் இன்னொரு சுற்றுப் போய் வருவார்கள். நான் ஒன்றும் சொல்லாவிட்டால் இடுக்கு மூடியிருக்கிறது என்று அர்த்தம். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது, எங்களுக்குள் வந்த பழக்கம். அதனால்தான் விபத்தை விசாரிக்க வந்த நீங்கள் ரேடியோ ஒலிப்பதிவைப் பத்து முறை கேட்டும் உங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அங்கே பயிற்சி ஆசிரியனாக இருந்தவன் என் தம்பி. வீட்டில் சின்னவன் என்போம். விமானியாக முதலில் மனுப் போட்டவன் நான். கண் பரிசோதனையில் என்னைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். மறுவருடம் அவனுடைய படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். எல்லாரும் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடியபோது நானும் சேர்ந்து கைதட்டினேன். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

என் மகள் விஷயம் அப்படியில்லை. பன்னிரண்டு வயது, ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் கழகத்துக்கு வருவாள். என் அறைக்குப் பதினாறு படிதான், ஒருநாளும் ஏறியதில்லை. நேரே சித்தப்பாவிடம் ஓடுவாள். "வாங்க கேப்டன்" என்பான் அவன், உச்சி குளிர்ந்துபோவாள். வீட்டுக்கு வந்தாலும் சித்தப்பா புராணம்தான். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்: "அப்பா என்ன வேலை பாக்குறேன்னு தெரியுமா பாப்பா?"

"தெரியுமே. நீங்க காத்து சொல்றவரு."

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்காமல் எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு பறந்தான். திரும்பி வருவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. ரேடியோவில் கேட்டது அவன் இல்லை, அவள். "அப்பா, காத்து எவ்ளோ?"

இடப்பக்கம், வேகம் பதினாலு நாட் என்றேன். சரியான அளவுதான். சரி என்று சொல்ல ரேடியோ பொத்தானை அழுத்தியவள், கையை எடுக்காமலே அவனிடம், "கீழ உக்காந்துக்கிட்டு சொல்றது ஈஸி, இல்ல சித்தப்பா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் உங்கள் பதிவில் இருக்கும்.

அப்போதுதான் இடுக்கிலிருந்து புழுதி கிளம்பியது. எனக்கு அரை நிமிடம் இருந்தது. அவனுக்கு ஒருமுறை மூக்குடைபடட்டும் என்று நினைத்தேன். ஒரு சக்கரம் முறியும், அவள் பயந்துபோய் என்னிடம் ஓடிவருவாள், அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. ரேடியோ பொத்தான்மேல் என் விரல் இருந்தது. அதை எடுத்துவிட்டு, நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

இடது இறக்கை தூக்கிக்கொண்டது. வலது இறக்கை தரையில் உரசி, விமானம் ஓரத்துச் சுவரைப் பார்த்துப் போயிற்று. சின்னவன் அந்த இடத்திலேயே போய்விட்டான். மகளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, உயிர் தப்பினாள்.

காற்றின்மேல் பழியைப் போட்டு நீங்கள் முடித்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் உங்கள் முதல் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள்: கடைசி நொடியில் தான் உட்கார்ந்திருந்த பக்கம் சுவரில் மோதும்படி திருப்பி, விமானி குழந்தையைக் காப்பாற்றினார் என்று. யாரோ அதை ஆஸ்பத்திரியில் அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அவளைத் தூக்கி உட்காரவைப்பது நான், சோறு ஊட்டுவது நான். வாயில் சோற்றோடு, "சித்தப்பா எனக்காகத்தாம்பா திருப்பினாரு" என்று என்னிடமே படித்துக் காட்டுகிறாள். உயிரோடு இருப்பவனோடு மல்லுக்கட்டலாம், ஐயா. செத்தவனோடு என்ன செய்வது?

அதனால் அந்த அறிக்கையைத் திருத்துங்கள். இடுக்கு திறந்திருந்தது. பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் தம்பியைக் கொன்றது நான். அவனுடைய சாமர்த்தியமெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். ஆகவே முதலில் என் பெயரை எழுதுங்கள், அவன் பெயர் கீழே வரட்டும். கையெழுத்தானதும் எனக்கு ஒரு நகல் வேண்டும். அவளுக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.